தனகோட்டி அம்மாவின் இரண்டாவது அறிக்கை

காலை பாசஞ்சர் விழுப்புரத்தை விட்டு நகர்ந்த பிறகுதான் முருகேசன் ஓடிவந்து ஏறினார். திண்டிவனம் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற முருகேசன் ஏறிவிட்டால் பெட்டியில் வேறு யாரும் வாயைத் திறக்க முடியாது. அன்றைக்கு எதிரில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முண்டியம்பாக்கம் வந்ததும் சொன்னார்: "நம்ம லேப் அம்மா போய்ட்டாங்க சார். நேத்து மத்தியானம், அவங்க ஊரு கெடார்ல. மல்லாட்டை உரிச்சு காயப்போட்டுக்கினு இருந்தாங்களாம். மாரு வலிக்குதுன்னு உக்காந்தவங்க எழுந்திருக்கல." சீட்டாடிக்கொண்டிருந்த நால்வரும் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

மூன்றாவது பெட்டியின் பழைய ஆட்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பின் சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். தனகோட்டி அம்மா எங்களோடு தினமும் திண்டிவனம் வந்து போனவர். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். எந்த ஆய்வுக்கூடம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. ரத்தம், சளி, மலம் என்று நாமெல்லாம் முகம் சுளித்துத் தள்ளிவைப்பதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பது அவர் உத்தியோகம். சாயங்காலம் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார்: "காலைலேர்ந்து கிருமியப் பாத்துக்கினு இருந்தேன், கொஞ்ச நேரம் மனுஷங்களப் பாக்கலாம்னு வந்தா நீங்க இன்னாடான்னா சீட்டுக்கு அடிச்சிக்கிறீங்க." திட்டிக்கொண்டே டிபன் டப்பாவில் மிச்சமிருக்கும் கேப்பை அடையை எல்லோருக்கும் பிட்டுக் கொடுப்பார்.

நான் திண்டிவனத்தில் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். வகுப்பில் நடத்துவது போதாதென்று ரயிலிலும் நடத்துவேன்; அந்த வியாதி இன்னும் தீரவில்லை. ஒருநாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீரின் மூலக்கூறுகள் நாலாபக்கமும் வந்து இடித்துக்கொண்டே இருப்பதால், போதுமான அளவுக்குச் சின்னதாக இருக்கிற எதுவும் தண்ணீரில் சும்மா இருக்காது. செத்ததும் ஆடும், உயிருள்ளதும் ஆடும். ஆகவே நுண்ணோக்கியில் ஒன்று ஆடுகிறது என்பதை வைத்து உயிர் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது என்றேன். ஜன்னல் ஓரத்திலிருந்து தனகோட்டி அம்மாவின் குரல் வந்தது: "ஆடறது வேற சார், போறது வேற."

"எப்படிச் சொல்றீங்க?"

"தூசி இருந்த எடத்துலயே ஆடிக்கினு கெடக்கும். உசுரு இருக்கறது எங்கியோ வேலை இருக்கற மாதிரி போய்க்கினே இருக்கும்."

"தூசியும் மெதுவா நகரும்மா. நேரம் ஆக ஆக இடம் மாறும். அதுக்குக் கணக்கே இருக்கு."

"அது நகர்றதுக்குள்ள திண்டிவனமே வந்துடும். நீங்க பொஸ்தகத்துல பாத்தீங்க, நான் கண்ணால பாக்கறேன். ஒருநாள் வாங்க, காட்டறேன்."

பெட்டியே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. பதினைந்து வருஷமாக அதைப் பாடம் நடத்துகிறேன், ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

அடுத்த வாரமே அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அறையில் மின்சாரம் இல்லை. நுண்ணோக்கியை ஜன்னலோரம் நகர்த்தி, அதன் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துத் திருப்பினார். நடுவில் குழி உள்ள கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடி வில்லையைக் கவிழ்த்து, அதிலிருந்து ஒரு துளியைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். குனிந்து பார்த்தேன். பொடிப்பொடியாக ஏதேதோ நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று விருட்டென்று குறுக்கே பாய்ந்தது. பஸ் நிற்கும் முன்பே கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜன்னலில் துண்டு போட ஓடுகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே ஓட்டம். நான் கண்ணை எடுக்கவே இல்லை. "போதும் சார், பேஷண்டு காத்துக்கினு இருக்காங்க" என்று அவர்தான் என்னை எழுப்பினார்.

அதற்குப் பிறகு நாங்கள் கூட்டாளிகள். வெளிச்சம் நேராகக் கண்ணுக்கு வராமல் ஓரமாக வந்தால், இருட்டில் நட்சத்திரம் போலக் கிருமி பளிச்சென்று தெரியும் என்று சொன்னேன். அதற்கான கருவி அங்கே இல்லை. லென்ஸுக்குக் கீழே ஒரு கறுப்பு வட்டம் வைத்தால் போதும், ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்துப் போனேன். அவரோ அதற்குள் எக்ஸ்ரே பிலிம் சுற்றி வரும் கறுப்புத் தாளில், ஒரு சட்டைப் பொத்தானை வைத்து வரைந்து வெட்டி வேலையை ஆரம்பித்திருந்தார். அளந்து பார்த்தேன். என் கணக்குக்கும் பொத்தானுக்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். "பரவால்ல சார், உங்க கணக்கும் கிட்டத்தட்ட சரியாத்தான் வந்திருக்குது" என்றார்.

நுண்ணுயிர்கள் எப்படி நீந்துகின்றன என்று இப்போது இயற்பியல்காரர்களே ஆராய்ச்சி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அவ்வளவு சின்ன உடம்புக்குத் தண்ணீர் வெல்லப்பாகு மாதிரி. நீந்துவதை நிறுத்தினால் அந்தக் கணமே நின்றுவிடும், ஒரு துளிகூட வழுக்கிப் போகாது என்று ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு அவரிடம் ஓடினேன். "ஆமா, பிரேக் போட்ட மாதிரி நிக்கும். இத இப்பதான் எழுதறாங்களா?" என்று கேட்டுவிட்டு அடையைப் பிட்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஏழு வருஷம் முன்பு, ஐப்பசி மழை விட்ட சமயம். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் வாந்தியும் பேதியும் பரவியது. ஒரு பெரியவர் இறந்துபோனார். குப்பத்துக்கு ஒரே கிணறு. வந்திருப்பது காலரா என்றால் அந்தக் கிணற்றை உடனே மூடி மருந்து போட வேண்டும், வண்டியோடு டாக்டரும் சலைனும் போக வேண்டும். சாதாரணப் பேதி என்றால் அவ்வளவு அவசரம் யாருக்கும் இருக்காது. கிருமியை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல இரண்டு நாளாகும். அதுவரை தனகோட்டி அம்மாவின் லென்ஸ் சொல்வதுதான் பேச்சு.

குப்பத்திலிருந்து மாதிரியை எடுத்துக்கொண்டு சிங்காரம் என்பவர் வந்தார். அவருடைய எட்டு வயது மகள் செல்வியும் பேதியில் படுத்திருந்தாள். மாதிரி அவளுடையதுதான். கடலோரத்துக்காரர் அல்லவா, கெட்டுப்போகக் கூடாத எதையும் ஐஸில்தான் வைப்பார்கள். மீன் பெட்டியில் ஐஸை நொறுக்கிப் போட்டு, அதற்குள் பாட்டிலைப் புதைத்து, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார். தனகோட்டி அம்மா துளியை எடுத்துப் பார்த்தார். காலராக் கிருமி என்றால் அம்பு மாதிரி பாயும்; ஒன்றும் பாயவில்லை. இரண்டாவது துளியிலும் இல்லை. "காலரா கிருமியின் ஓட்டம் காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறிக்கை டாக்டர் மூலமாக மேலே போனது.

அன்று சாயங்கால ரயிலில் அவர் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. நான்தான் பெட்டி முழுக்க, "காலரா இல்லையாம், லேப் அம்மாவே பார்த்துட்டாங்க" என்று அறிவித்துக்கொண்டிருந்தேன். மயிலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"சார், தண்ணி ஜில்லுன்னு இருந்தா உங்க தூசி ஆடுமா?"

"ஆடும். கொஞ்சம் மந்தமா ஆடும். நிக்காது."

"இன்னிக்கும் தூசி ஆடிச்சு. ஆனா பாட்டிலு ஐஸுக்குள்ள இருந்திச்சு. செத்தது குளிருக்கு நிக்காது சார். உசுரோட இருக்கறதுதான் வெறச்சுப்போய் நிக்கும். நான் ஆடறதப் பாத்துட்டு, தண்ணி சரியாத்தான் இருக்குதுன்னு நெனச்சிட்டேன். ஒண்ணும் பாயாம நின்னுது, காலரா இல்லன்னு எழுதிட்டேன். ஏன் நின்னுதுன்னு கேக்காம போய்ட்டேனே."

"நாளைக்கு நானே அங்க போய்ப் பாக்கறேன்" என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

மறுநாள் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு மரக்காணம் பஸ் ஏறினேன். நுண்ணோக்கிப் பெட்டி என் மடியில். ரோடு முழுக்க மழைப் பள்ளம். "ஆடாம புடிங்க சார்" என்று பெருமுக்கல் வருவதற்குள் பத்துத் தடவை சொல்லிவிட்டார். சிங்காரம் வீட்டில் செல்வி கண் உள்ளே போய்க் கிடந்தாள். தனகோட்டி அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்து, பெண்ணின் அம்மாவை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டச் சொன்னார். "வாந்தி எடுத்தாலும் நிறுத்தாத, மறுபடியும் குடு." அதற்கப்புறம்தான் வாசலில் வெயில் விழுகிற இடத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் நுண்ணோக்கியை வைத்தார்.

இந்த முறை ஐஸ் இல்லை. பார்த்த மாத்திரத்தில் "ஐயோ" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். கறுப்புப் பின்னணியில் துளி முழுவதும் பாய்ச்சல். காலராக் கிருமியை மட்டும் முடக்குகிற சீரம் ஒரு சின்னப் புட்டியில் கொண்டுவந்திருந்தார். அதை ஒரு சொட்டு விட்டார். ஓடிக்கொண்டிருந்தவை அப்படியே நின்றன. தூசி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "இப்ப நின்னுது பாருங்க, இது நாம நிறுத்தினது. காலராவேதான். ஜல்தியா போன் பண்ணணும்."

தபால் ஆபீசிலிருந்து டாக்டருக்குப் பேசினார். மத்தியானத்துக்குள் வண்டி வந்தது. கிணற்றை மூடினார்கள், செல்விக்கு சலைன் ஏறியது. மேலும் பதினோரு பேருக்கு ஏறியது. அதற்கப்புறம் அந்தக் குப்பத்தில் ஓர் உயிரும் போகவில்லை.

திண்டிவனம் திரும்பியதும் டாக்டர், நல்ல மனிதர், அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "மாதிரி சரியில்லாம வந்துச்சுன்னு எழுதிடுங்கம்மா. உங்களுக்குப் பேஜாரு வேணாம்." தனகோட்டி அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மாதிரி மேல பழி போட்டா அது சிங்காரம் மேல போட்ட பழி சார். புள்ள சாகக் கெடக்கச்சே அவரு நல்லதுன்னு நெனச்சுதான் ஐஸ் போட்டாரு. கேட்டு எழுத வேண்டியது நானு." கார்பன் வைத்து இரண்டாவது அறிக்கையை எழுதினார். முதல் வரி: "நேற்று நான் கொடுத்த அறிக்கை தவறு." விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. அதை ரயிலில் எல்லோருக்கும் காட்டினார், ஏதோ மகனுக்கு வேலை உத்தரவு வந்த மாதிரி. அன்றைக்கு எங்கள் பெட்டிக்கு வந்த பெருமை இன்னும் போகவில்லை.

போன மாதம், செய்தி கேட்ட அன்றே நானும் முருகேசனும் கெடார் போனோம். மகன் நாக்பூரிலிருந்து வர மறுநாளாகும் என்றார்கள். வெயில் கடுமையாக இருந்தது. மூன்று மணி வாக்கில் ஒரு மீன் வண்டி வந்து நின்றது. சிங்காரம் இறங்கினார். பின்னாலேயே ஒரு பெண், செல்வி. இரண்டு பேரும் உமி ஒட்டிய ஐஸ் பாரைச் சாக்கில் பிடித்துத் தூக்கிவந்து அவரைச் சுற்றி அடுக்கினார்கள். சிங்காரம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பேதி பாட்டிலுக்கு ஐஸ் போடாதேன்னு அன்னிக்குச் சொல்லிக் குடுத்தாங்க சார். குப்பம் குப்பமா நான்தான் போயிச் சொன்னேன். இன்னிக்கு எனக்கு வேற இன்னா கொண்டாறதுன்னு தெரியல." நான் அழுதேன்.

தனகோட்டி அம்மா ஓய்வு பெற்ற நாளில் அந்த இரண்டாவது அறிக்கையின் கார்பன் பிரதியை எனக்குத்தான் கொடுத்தார். ஏன் எனக்கு என்று அப்போது புரியவில்லை. கல்லூரி அறிவியல் மன்றத்தில் இந்தக் கதையை நான் வருஷம்தோறும் சொல்லிவந்தேன். குளிரில் செத்தது ஆடும், உயிருள்ளது நிற்கும் என்பதை ரயிலில் ஒரு டெக்னீஷியனுக்கு நான் எடுத்துச்சொன்னதாகச் சொல்லுவேன். கைதட்டுவார்கள். ஒரு வருஷம் அவரே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் "நல்லா சொன்னீங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பிரதி இப்போது என் மேஜையில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதன் முதல் வரியைத்தான். அதைப் பார்த்து எழுதுகிறேன்: இத்தனை வருஷம் நான் சொல்லிவந்தது தவறு. ரயிலில் குளிரைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டவர் தனகோட்டி அம்மா. பதிலைக் கண்டவரும் அவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.