கருகலை அளந்த பாய்

சிவகாசி அச்சகத்து மேசைமேல் அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் மெத்தைக் கம்பெனிக்கு எந்தப் படம் போடலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது காதர் பாயின் மகன் யூசுப் போன் செய்தான். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாக. சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாக, எந்திரிக்கவே இல்ல" என்றான். "வாரேன்" என்று மட்டும் சொன்னேன். அச்சகக்காரரிடம் அருவிப் படத்தைப் போடச் சொல்லி, கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததையும் காட்டிவிட்டுத்தான் காரில் ஏறினேன். இதைக் கேள்விப்பட்டு என் வீட்டிலேயே என்னைக் கல்நெஞ்சக்காரன் என்றார்கள். காதர் பாயிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால், அந்த எழுத்தைத் திருத்தினேனா என்றுதான் அவர் முதலில் கேட்டிருப்பார்.

உங்களில் பலருக்கு அவர் விருதுநகர் பஜாரில் பஞ்சுக்கடை வைத்திருந்த காதர் மைதீன் பாய். எனக்குத் தொழில் பங்காளி. நான் பட்டாசுக் குடும்பத்தில் பிறந்தவன். அண்ணன் தம்பிகளோடு அந்தத் தொழிலில் ஒத்துப்போக முடியாமல் விலகி வந்த நேரத்தில், ஆமத்தூர் பக்கம் மெத்தைக் கம்பெனி போடலாம் என்று கூப்பிட்டவர் அவர்தான். என்னைவிட மூத்தவர், ஆனாலும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். "உங்க வீட்டுச் சரக்கு பத்தலேன்னா திரும்பி வரும், நம்ம சரக்கு பத்துச்சுன்னா திரும்பி வரும். அம்புட்டுத்தான் வித்தியாசம், வாங்க" என்றார். நானும் ஏதோ சின்ன வித்தியாசம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

உள்ளூரில் விற்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. அமெரிக்காவுக்கு அனுப்ப ஆர்டர் பிடித்தபோதுதான் தீச்சோதனை என்று ஒன்று வந்தது. மெத்தையில் யாராவது சிகரெட்டைப் பிடித்தபடியே தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அந்த விதியின் கவலை. எரியும் சிகரெட்டுகளை மெத்தையின் ஓரத் தையல்மேல், நடுக்குழியில், விரிப்புகளுக்கு நடுவே என்று வைத்து, அவை தாமாக எரிந்து முடியும்வரை விட வேண்டும். சிகரெட்டிலிருந்து எந்தப் பக்கமும் கருகல் இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சோதனைக்கு முன்னால் இரண்டு நாள் மெத்தையைக் குளிர்ந்த, ஈரப்பதம் குறைந்த அறையில் வைத்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஏசி முதலில் வந்தது மெத்தைக்குத்தான், முதலாளிகள் இருவரும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். போதாதற்கு ஒவ்வொரு சோதனைக்கும் பதிவு. எந்தத் துணி, எந்த நூல், யார் வைத்தார், யார் அளந்தார், படம், தோற்றுப்போனால் அந்தச் சரக்கை என்ன செய்தோம் என்பதுவரை எழுத வேண்டும். அந்த ரகத்தை நிறுத்திய பிறகும் மூன்று வருடம் அதைக் காப்பாற்ற வேண்டும். எனக்குக் கொட்டாவி வந்தது. பாய் அந்த விதிகளை வரி வரியாகக் கோடு போட்டுப் படித்தார்.

சிகரெட் வந்து இறங்கிய கதையை பஜாரில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வாட்ச்மேன் அதற்கு முன் பட்டாசு ஆலை வாசலில் ஆட்களைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தவர். பார்சலைப் பிரித்தவர் அதைக் கேட்டைத் தாண்ட விடவில்லை. "பாயே வந்து கேட்டாலும் தரமாட்டேன்" என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாயே போய்த்தான் கேட்டார். பீடி வாசமே ஆகாத மனிதர், வாயில் வைக்காமல் காற்றிழுக்கும் ரப்பர்க் குமிழை அமுக்கி அமுக்கி சிகரெட்டைப் பற்றவைப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "ஏன் பாய், ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்த கையா இது?" என்று சீண்டுவேன். "நான் இழுக்கலையே அண்ணாச்சி, மெத்தைதான இழுக்குது" என்பார்.

அவரோடு வேலை பார்ப்பது ஒன்றும் சுகமான காரியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சலி என்பதற்காகப் பொய் சொன்னால் அவருக்கே பிடிக்காது. பிடிவாதக்காரர். லோடு ஏற்றும் நேரத்தில்தான் அவருக்குச் சந்தேகம் வரும். கேட்ட கேள்வியையே மூன்று பேரிடம் கேட்டு, மூன்று பதிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். அவர்மேல் எனக்கு எரிச்சல் வராத நாள் குறைவு.

முதல் பெரிய ஆர்டர் கப்பலேற வேண்டிய வாரம் சோதனை அறைக்கு ஒத்தாசைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. விஸ்வநத்தத்திலிருந்து வேனில் வரும் மாரியம்மாளைப் போட்டார்கள். தையல் பிரிவில் நல்ல வேலைக்காரி. அதற்கு முன் பட்டாசு ஆலையில் இருந்தவள். அக்காளை அங்கே தீக்குக் கொடுத்தபின் அந்த வேலையே வேண்டாம் என்று எங்களிடம் வந்து சேர்ந்தவள். பாய் சிகரெட்டுகளை வைத்துவிட்டு லுஹர் தொழப் போனார். அவர் வருவதற்குள், தையல் ஓரத்தில் ஒரு சிகரெட்டிலிருந்து புகை கொஞ்சம் தடிப்பாக எழும்பியிருக்கிறது. மாரியம்மாள் மூலையில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி மெத்தைமேல் அப்படியே கொட்டிவிட்டாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மெத்தை சொட்டிக்கொண்டிருந்தது, அவள் காலி வாளியோடு சுவரோரம் நின்றாள். "பொகையப் பாத்ததும் பதறிட்டேன் மொதலாளி. கை சும்மா இருக்க மாட்டேன்னுருச்சு" என்றாள். எங்கள் ஊர்க் கைகள் அப்படித்தான். புகை என்றால் மண்ணோ தண்ணீரோ, அணைத்துவிட்டுத்தான் அடுத்த மூச்சு. வேடிக்கை பார் என்று இங்கே யாருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

தூத்துக்குடியிலிருந்து லாரியோடு வந்திருந்த ஏஜெண்டுக்கு இதெல்லாம் புரியவில்லை. வேறு மெத்தையை இரண்டு நாள் குளிர வைத்துச் சோதிப்பதற்குள் கப்பல் போய்விடும். "முக்காவாசி எரிஞ்சு முடிஞ்சிருச்சு, எங்கனயும் ரெண்டு அங்குலத்தைத் தாண்டலை. பாஸுன்னு போட்டுட்டு ஏத்துங்க. அந்தப் பொம்பளைய இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருங்க" என்றார். மாரியம்மாளுக்கு வேலை போவதைவிடவும் பெரிய பயம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற பதிவில் தன் பெயர் ஏறினால் போலீஸ் கேஸாகிவிடும் என்று நினைத்தாள். "எம்பேரை எழுதிராதீக பாய், பிள்ளைகள வச்சிருக்கேன்" என்று கும்பிட்டாள்.

பாய் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக எழுதினார். எழுதியதை எங்களுக்குப் படித்தும் காட்டினார். சோதனை செல்லாது. நடுவில் தண்ணீர் ஊற்றப்பட்டது. எரிவதை அணைக்கக் கூடாது என்று பொறுப்பாளர் உதவியாளருக்குச் சொல்லவில்லை. பொறுப்பாளர் காதர் மைதீன். கையெழுத்து. "எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டீகளே" என்று அவள் அழ ஆரம்பித்தாள். பாய்க்குக் கோபமே வந்துவிட்டது. "ஏத்துக்கிட்டதெல்லாம் இல்லம்மா. நெசமாவே நான் சொல்லல. நடந்தத எழுதிருக்கேன்" என்றார். ஏஜெண்டிடம், "பாத்ததத்தான் எழுதணும். பாத்திருப்போம்னு நெனச்சத எழுதுனா அது பதிவு இல்ல, வெறும் கடுதாசி" என்றார்.

கப்பல் போயிற்று. இரண்டு நாள் கழித்து அடுத்த மெத்தையைச் சோதித்தோம். பழைய தையல் வேலைக்கே போகிறாயா என்று பாய் கேட்டதற்கு, "இங்கனயே நிக்கேன்" என்றாள் மாரியம்மாள். முந்தானையை இரண்டு கையிலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சிகரெட் சாம்பலாகும்வரை அசையாமல் நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. புகை என்றாள். மெத்தை அருமையாகத் தேறியது. அதாவது, ஏஜெண்ட் சொன்னபடி பாஸ் என்று எழுதியிருந்தாலும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. அந்த ஆர்டரில் பாதி வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. "இப்ப என்னத்தக் கண்டீக?" என்று கத்தினேன். "தேறும்னு நெனச்சோம், இப்ப தேறிருச்சுன்னு தெரியுது. ரெண்டும் ஒண்ணா அண்ணாச்சி?" என்றார். எனக்கு அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு மாதம் அவரோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பின் சோதனை அறை மாரியம்மாள் பொறுப்பில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாயுடையது.

அவரை அடக்கம் செய்த மறுநாள் கம்பெனிக்குப் போனேன். புதிய ஓரத்துணி போட்ட மெத்தை குளிர் அறையில் காத்திருந்தது. அந்தத் துணியைத் தேடிப்பிடித்து வாங்கியது நான். "பாய் இல்லையே, இன்னொரு நா வச்சுக்கிடுவமா?" என்று கேட்டாள் மாரியம்மாள். பற்றவைக்கச் சொன்னேன். தையல் ஓரத்தில் இரண்டு இடங்களில் கருகல் ஊர்ந்துகொண்டே போயிற்று. அவள் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு அங்குலம் எப்போதோ தாண்டிவிட்டது.

யார் சொன்னார்களோ, ஏஜெண்டிடமிருந்து போன் வந்தது. பாய்க்காக வருத்தம் சொன்னார். "நல்ல மனுசன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "இனிமே நம்ம ரெண்டு பேருதான் அண்ணாச்சி. ஒரு மயிரிழை கூடக் கொறைய இருந்தா நமக்குள்ள முடிச்சுக்கிடலாம், கேக்கதுக்கு ஆளில்லையே" என்றார்.

கேட்பதற்கு ஆளில்லை. அச்சகத்தில் நிற்கும்போதும், கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போடும்போதும் எனக்குத் தெரியாத அந்த விஷயம் அப்போதுதான் உறைத்தது. போனைக் கையில் பிடித்தபடியே, மாரியம்மாள் எதிரிலேயே அழுதேன்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். தோல்வி. ஓரத்துணியைத் தேர்ந்தெடுத்தவர், பொறுப்பாளர் என்ற இரண்டு இடத்திலும் என் பெயரைப் போட்டேன். எழுதியதும் மனசு லேசானது என்று சொல்ல மாட்டேன். ஆகவில்லை, வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. அந்த எரிச்சலோடேயே உள்ளதை எழுதிவிட முடியும் என்பது மட்டும்தான் காதர் பாயிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த பங்கு. அதை வைத்துக்கொள்கிறேன்.