மாரேவாவின் விலக்குக் கம்பம்

கொழுப்பு உருக்குவதில் மாரேவாவை மிஞ்ச எங்கள் ஆற்றுவாய் ஊரில் ஆள் கிடையாது. வாயிலும் அப்படித்தான். வேட்டைக்குப் போன ஆண்கள் மலையிலிருந்து இறங்கி வரும்போது, சுமந்து வந்த மோவாவின் தொடையைவிட அவர்கள் பேச்சு பெரிதாக இருந்தால், மண்ணடுப்பின் ஓரத்தில் நின்றபடியே கேட்டுவிடுவாள், இந்தப் பேச்சையும் இலையில் சுற்றி உள்ளே வைக்கட்டுமா, வேகுமா என்று. எல்லோரும் சிரிப்பார்கள். அவள் புருஷன் தாவிரி மட்டும் குனிந்து தோளில் இருக்கும் சுமையை இறக்கிக்கொண்டிருப்பான். பேசாத ஆள். அதனால்தான் அவளோடு குடும்பம் நடத்த முடிந்தது என்பார்கள்.

அந்த நாளில் எங்களுக்கு இறைச்சி என்றால் மோவாப் பறவைதான். இறக்கை என்பது பேருக்குக்கூடக் கிடையாது அதற்கு. பெட்டை கழுத்தை நிமிர்த்தினால் உயரமான ஆள் கையைத் தூக்கினாலும் தலை எட்டாது. அவ்வளவு பெரிய உடம்பில் அறிவு கொஞ்சம்தான். ஆளைக் கண்டால் ஓடாமல் நின்று வேடிக்கை பார்க்கும். அதற்குத் தெரிந்த பயம் ஒன்றே ஒன்று, அது வானத்திலிருந்து வரும். அதன் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை, சொன்னால் வந்துவிடும். மேலவள் என்போம். சேவலும் உண்டு, ஆனால் பெட்டைதான் பெரியது, அடிப்பதும் அவள்தான். சிறகை விரித்து அவள் தாழ வந்தால் நாய்கள் குரைக்காது, மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடும். அவள் நகம் ஆள் விரல் நீளம். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு ஜோடி இருந்தது. அவர்களுக்கும் மோவாதான் சாப்பாடு. அவர்கள் பங்கை அவர்கள் எடுத்தார்கள், எங்கள் பங்கை நாங்கள் எடுத்தோம். எடுத்த அளவில்தான் வித்தியாசம்.

தாவிரி செத்தது கருநீர்ப் பள்ளத்தாக்கில். ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தான். அவன் தோளில் இருந்தது மாரேவா தைத்துக் கொடுத்த மோவாத்தோல் போர்வை, மேல்பக்கம் முழுக்கப் பழுப்பு இறகு. கூடப் போனவர்கள் சத்தம்தான் கேட்டார்கள், மரம் முறிகிற மாதிரி. திரும்பிப் பார்த்தபோது மேலவளின் ஒரு கால் அவன் இடுப்பில், ஒரு கால் கழுத்தில். கல்லெறிந்து விரட்டினார்கள். போகும்போது அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் என்று சொன்னார்கள், தான் அடித்தது என்ன என்று குழம்பியவள் மாதிரி.

அந்தக் குழப்பம்தான் மாரேவாவைத் தின்றது. ஆளைக் கொல்ல வந்து கொன்றிருந்தால் அது வேறு. மோவா என்று நினைத்து அல்லவா கொன்றாள்? மோவாவாக அவனை ஆக்கி அனுப்பியது யார்? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை நீள வாயில் இது ஒன்று மட்டும் வெளியே வரவில்லை.

ரத்தம் விழுந்த மண் தீட்டு. மந்திரம் தெரிந்த தேபூராக் கிழவர் பள்ளத்தாக்கின் வாசலில் ஒரு கம்பம் நட்டு, தாவிரியின் போர்வையில் ஒரு கிழிசலை அதில் கட்டினார். இந்தச் சாவுக்குப் பழி தீரும்வரை, தீர்க்கப் போகிறவர்களைத் தவிர, இதைத் தாண்டி ஒருவரும் போகக்கூடாது, ஒரு முட்டையும் ஒரு விறகும் எடுக்கக்கூடாது என்றார். யாரும் போகவில்லை. எங்கள் ஆட்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், விலக்கை மீறுகிறவர்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

மற்ற இடங்களில் விலக்கு இல்லையே, அங்கே ஒரு கை பார்த்தோம். காட்டுக்குத் தீ வைத்து மோவாக்களை வெளியே ஓட்டுவது வேகமான வழி. வைத்தோம். தீ மலை தாண்டிப் போனது, நாங்கள் சொல்லி நிற்கவா போகிறது? கூடு கண்டால் முட்டையை எடுத்தோம். ஒரு முட்டையில் ஒரு குடும்பம் சாப்பிடும், ஓட்டில் தண்ணீர் பிடித்து வைக்கலாம். மோவா முட்டை போடுவதே எப்போதோ ஒன்று, குஞ்சு பெரிதாகவோ பல வருஷம் ஆகும். இதை அறியாதவர்கள் இல்லை. அடுத்த பள்ளத்தாக்கு இருக்கிறது என்ற தைரியம்தான்.

பிறகு அடுத்த பள்ளத்தாக்கும் முடிந்தது. மேலவள்களும் ஒவ்வோர் இடமாகக் காணாமல் போனார்கள். ஒருத்தி எங்கள் நாயைத் தூக்க வந்து, தூக்க முடியாமல் போட்டுவிட்டுப் போனாள். ஒருத்தி பாறையடியில் செத்துக் கிடந்தாள். தூக்கிப் பார்த்தவர்கள், உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் இறகு என்றார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. மாரேவா மட்டும் கேட்டாள், செத்தது கருநீர்க்காரியா என்று. இல்லை என்றதும் திரும்பிப் போய்விட்டாள்.

கருநீர்க்காரி நன்றாகத்தான் இருந்தாள். கம்பத்துக்கு அப்பால் தீ வைக்க ஆளில்லை, முட்டை எடுக்க ஆளில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஆண்மோவாக்கள் அடித்தொண்டையில் முழங்குவது ஊர்வரை கேட்கும். பெரணிக் கிழங்கை இடித்து நாரைத் துப்பிக்கொண்டிருக்கிற வாய்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்? பசி வந்தால் பத்தும் பறக்கும். ஆனால் விலக்கு மட்டும் பறக்கவில்லை. ஆகவே எல்லோரும் மாரேவாவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பழி அவளுடையது. அவள் வாயைத் திறந்தால்தான் தீர்க்க முடியும்.

கேட்க வந்தது தாவிரியின் தம்பி மாஹாகி. சிரித்த முகம், நல்ல ஈட்டிக்காரன், அண்ணன் போனபின் அவள் குடிசைக்கு விலாங்கும் விறகும் தவறாமல் கொண்டுவந்து போடுகிறவன்.

"அண்ணி, இன்னும் எத்தனை காலத்துக்கு இப்படியே உக்காந்திருப்பீங்க?" என்றான். "அண்ணன் ஆவி அங்க காத்துக்கிட்டு கெடக்கு. நம்ம ஜனம் இங்க காஞ்சு கெடக்கு. ரெண்டுக்கும் ஒரே மருந்துதான்."

"ஒனக்கு அண்ணன் ஆவி மேல அக்கறையா, மோவாக் கறி மேல அக்கறையா?"

"ரெண்டும்தான். பொய் சொல்ல மாட்டேன்."

அந்த நேர்மைக்காகவே அவனை அவளால் திட்ட முடியவில்லை. உண்மையில் அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அந்தப் பறவை உயிரோடு இருக்கிற ஒவ்வொரு நாளும் தன் ஊசி குத்திய தையல் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. மேலவள் செத்தால் அது நின்றுவிடும் என்று நம்பினாள். அன்றைக்கே வாயைத் திறந்தாள். ஒரு நிபந்தனை, இரையாக நிற்பது நான்தான் என்றாள்.

மாஹாகி எவ்வளவோ மறுத்துப் பார்த்தான். கிழவர் தேபூரா மட்டும் தடுக்கவில்லை. பழியின் உரிமைக்காரி, அவள் இஷ்டம் என்றுவிட்டார்.

ஓடைக்கரையில் இளமரங்களை வளைத்துக் கட்டி, மேலே கொடிகளைப் பின்னி, உள்ளே ஈட்டிக்காரர்கள் பதுங்கினார்கள். வளைவின் வாசலில் மாரேவா, மீதமிருந்த அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு குனிந்து நின்றாள். அதற்குமுன் அவள் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்ததில்லை. கால் வைத்த இடமெல்லாம் மோவாச் சாணம். எட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெட்டை மோவா நின்று, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது, உறவுக்காரியா என்று யோசிப்பதுபோல. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடியுமுன் பெட்டை ஓட்டமெடுத்தது.

மாரேவா வளைவுக்குள் விழுந்தாள். மேலவள் அவள் பின்னாலேயே வந்து இளமரங்களில் மோதி, கொடிகளில் சிறகு சிக்கித் தலைகீழாகத் தொங்கினாள். பிறகு நடந்தது வீரம் ஒன்றும் இல்லை. சிக்கிய ஒன்றைப் பல பேர் குத்தினார்கள். மாரேவாவின் தோளில் நகம் கிழித்திருந்தது. அது தெரியாமலே எழுந்து போய் அவளும் ஒருமுறை குத்தினாள். நல்ல கனமான, கொழுத்த பறவை. இறகின் ஓரங்கள் பளபளவென்று இருந்தன.

அன்று ஊரில் பாட்டு. பகைவனைத் தின்றால்தான் பழி முழுசாகத் தீரும் என்பதால் மாரேவாவுக்கு மேலவளின் ஈரலைக் கொடுத்தார்கள். தின்றாள். கால் எலும்பை மாஹாகி தேய்த்துக் கூராக்கி, தோல் தைக்க ஒரு குத்தூசி செய்து அவளிடம் கொடுத்தான். கிழவர் கம்பத்தைப் பிடுங்கினார்.

பாறை உச்சியில் கூட்டில் ஒரே ஒரு குஞ்சு இருந்தது. அது கத்திக்கொண்டிருந்ததை எல்லோரும் கேட்டார்கள், ஏறிப் பார்க்க யாருக்கும் அவசியம் தோன்றவில்லை. சேவல் கொஞ்ச காலம் இரை கொண்டுவந்தது. சின்ன உடம்பு, பெரிய மோவாவை அதனால் வீழ்த்த முடியாது. முதலில் கத்தல் நின்றது, பிறகு சேவல் பனிமலைப் பக்கம் போனது. திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. மேலவள்களில் அவள்தான் கடைசி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டோம், அதுதான் உண்மை.

கருநீர்ப் பள்ளத்தாக்கில் நாங்கள் அடித்த கொள்ளையை என்ன சொல்ல? பசித்த வயிறு அளவு பார்க்காது. மாரேவா மண்ணடுப்பை விட்டு நகர முடியவில்லை. உருக்கிய கொழுப்பை ஊற்றக் கடற்பாசிப் பைகள் போதவில்லை. ஆண்கள் தொடையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடம்பை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். அவளே ஒருநாள் மேலே போய்ப் பார்த்தாள். ஓடைக்கரை முழுக்க நாற்றம், ஈ. வயிற்றில் முட்டையோடு கிடந்தவையும் உண்டு. இறங்கி வந்து மாஹாகியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு தெரியலையா ஒங்களுக்கு? முட்டையோட இருக்கறதையும் அடிக்கிறீங்களே."

"இன்னும் எவ்வளவு இருக்கு தெரியுமா அண்ணி? ஏன் பதர்றீங்க?"

"போன பள்ளத்தாக்குலயும் இதையேதான் சொன்னே."

அவன் சிரித்தான். அவனுக்குப் பதில் இல்லாதபோதெல்லாம் அப்படித்தான் சிரிப்பான்.

அன்றுதான் அவளுக்கு அது உறைத்தது. இத்தனை வருஷம் இந்தப் பள்ளத்தாக்கைக் காத்தது மேலவள். மோவாவைத் தின்றுகொண்டே காத்தாள். அவளுக்குக் காவல் தாவிரியின் சாவு. அந்தச் சாவுக்குக் காவல் மாரேவா. தீராத பழியோடு வாயை மூடிக்கொண்டு தான் உட்கார்ந்திருந்த வரைக்கும் எல்லாம் இருந்தது. தையல் தையலாக வலித்ததே, அந்த வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று.

கிழவர் தேபூராவிடம் போய்க் கம்பத்தை மறுபடி நடச் சொன்னாள்.

"யாரு செத்தது?" என்றார்.

"யாரும் சாகல. எல்லாம் சாகுதுன்னுதான் நடச் சொல்றேன்."

"மோவாவுக்காக விலக்கு போட்டதா நான் கேள்விப்பட்டதில்லம்மா. ஒன் புருஷனுக்காகப் போட்டேன். அவன் கணக்கு தீந்துபோச்சு. தீத்தது நீதானே?"

கிண்டலாகச் சொல்லவில்லை அவர். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் இல்லாத சாவுக்குக் கம்பம் நட அவருக்கு வழியில்லை. நட்டாலும் வெறும் குச்சி என்று பிள்ளைகள்கூடப் பிடுங்கிப் போடும். அவள் குத்தூசியைக் கையில் உருட்டிக்கொண்டே வீடு திரும்பினாள். அதன்பிறகு மண்ணடுப்பின் பக்கம் அவள் கேலி கேட்கவில்லை. கேலி செய்ய வேட்டைப் பேச்சும் மிஞ்சவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தாலும் ஒன்றும் கேட்காமல் போனது.

பின்னால் வந்த ஒரு குளிர்காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு இருமல். மாரேவாவும் இளைத்து எலும்பாகிவிட்டாள். மாஹாகி கொண்டுவந்த விலாங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். ஒரு காலையில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு மேலே நடந்தாள். அவள் போவதைக் கண்டு மாஹாகி ஓடிவந்து வழிமறித்தான். அங்கே என்ன இருக்கிறது, ஒன்றுமே இல்லையே என்றான்.

"இருக்கும். எங்கயாவது பொதருக்குள்ள ஒரு ஜோடி ஒளிஞ்சிருக்கும். இல்லாமயா போயிரும்?" என்றாள். "என்னைத் தூக்கிட்டு வந்துராத. நான் கெடக்கற எடத்துலயே கெழவரைக் கம்பம் நடச் சொல்லு. இந்தத் தடவை பழி தீக்கறதுக்கு எதிரின்னு யாருமில்ல. அதனால கம்பத்தை யாராலயும் எடுக்க முடியாது."

அவன் சிரிக்கவில்லை. வழியை விட்டு விலகி நின்றான்.

ஓடைக்கரையில், தாவிரி குனிந்த இடத்துக்குப் பக்கத்தில் அவளைக் கண்டெடுத்தார்கள். மேலே வானம் காலியாக இருந்தது. தேபூராவுக்கு அப்போது நடக்க முடியாது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கம்பத்தை நட்டு, போர்வையின் கிழிசலை மேலவளின் எலும்பு ஊசியால் அதில் குத்தி நிறுத்தினார். முறைப்படி எல்லாம் சொன்னார். இதைத் தாண்டி ஒருவரும் போகக்கூடாது, ஒரு முட்டையும் ஒரு விறகும் எடுக்கக்கூடாது.

அந்த விலக்கு இன்றைக்கும் இருக்கிறது. மாஹாகி தன் காலமெல்லாம் அந்தக் கம்பத்தைப் புதுப்பித்தான், அவனுக்குப் பின் அவன் பிள்ளைகள் புதுப்பிக்கிறார்கள். அதை ஒருவரும் மீறியதில்லை. மீறிப் போய் எடுத்து வர அங்கே எதுவும் இல்லை.