நானூற்றுப் பதினேழாவது கடிதம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். என் மனைவியே நம்பவில்லை. ஆனால் 1989 நவம்பர் 16, வியாழக்கிழமை ராத்திரி 8.15-லிருந்து 10.15 வரை நடந்ததை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பார்த்தது மட்டுமா? கை வைத்துக் கெடுத்தவனும் நான்தான்.

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்திலிருந்து ஏறுகிற பாதையில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதன் பெயர் வேண்டாம். அங்கே நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பெயர் லத்தீப், ஊர் வாணியம்பாடி, அப்போது வயது இருபத்தாறு. பொறுமை என்பது என்னிடம் மருந்துக்கும் கிடையாது. வீட்டில் தோல் மண்டிக்குப் போகச் சொன்னார்கள். நான் மலையேறி மிஷினோடு மாரடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மிஷின் கடிதம் அனுப்பும். மொட்டைமாடியில் ஒரு பெரிய வட்டத் தட்டு இருந்தது. வானத்து வழியாக அது பெங்களூர் ஆபீசோடு பேசும். மணிக்கு ஒரு தடவைதான், சரியாகப் பதினைந்தாவது நிமிஷத்தில். மிஷினுக்குள் நாலு டைரக்டரி. நாலு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த கடிதத்துக்கு ஒன்று, போகவேண்டியதற்கு ஒன்று, போனதின் நகலுக்கு ஒன்று, விலாசம் சரியில்லாத குப்பைக்கு ஒன்று. ஒவ்வொரு கடிதமும் ஒரு ஃபைல், அதற்கு ஒரு நம்பர். ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்பது நகராமல் பின்னால் நிற்பது நகராது.

யாராவது எழுதிக்கொண்டிருந்தால், அந்த அறையில் 'பூட்டு' என்று ஒரு குட்டி ஃபைல் வந்து உட்காரும். உள்ளே ஆள் இருக்கிறது, தொடாதே என்று அர்த்தம். அது இருக்கும்வரை அந்த அறையிலிருந்து எதுவும் போகாது. எழுதி முடித்ததும் தானாகப் போய்விடும். கரண்ட் போனால் மட்டும் அப்படியே தங்கிவிடும். மலையில் கரண்ட் போவதைக் கேட்கவா வேண்டும்? அதனால் பூட்டைப் பார்த்தால் யோசிக்காமல் அழிப்பது எங்கள் பழக்கம். எல்லா ஆபரேட்டரும் செய்வதுதான்.

அன்று நல்ல மழை. மரம் விழுந்து டெலிபோன் கம்பி அறுந்திருந்தது. 7.50-க்கு வாட்ச்மேன் மாதையன் நனைந்துகொண்டு ஓடி வந்தார்.

"சார், பெங்களூருக்கு ஒரு லெட்டரு போடணும்ங்க. பொண்ணு உசுரு சார்."

அவர் மகள் செல்லியம்மாளுக்கு ஒன்பது வயது. காலில் முள் குத்திச் சீழ் பிடித்து, அன்று காலையில்தான் எங்கள் ஜீப்பில் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கூடப் போனது அவள் மாமன் சடையன்.

"போன வருசம் ஒரு ஊசி போட்டாங்க சார். ஒடம்பெல்லாம் வீங்கி மூச்சே நின்னுபோச்சி. சடையனுக்கு அது தெரியாதுங்க. எனக்கும் இப்பதான் நெனப்பு வந்துச்சி. இந்தாங்க, டாக்டரு குடுத்த சீட்டு."

சீட்டில் எழுதியிருந்தது: பெனிசிலின் கூடாது.

ஜீப் இன்னும் திரும்பவில்லை, கீழே போக பஸ் காலையில்தான். பெங்களூர் ஆபீசில் ராத்திரி ஆள் லட்சுமணன். 10.15-க்கு வருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அதற்குள் கடிதம் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவான். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி?

கடகடவென்று அடித்தேன். மிஷின் கொடுத்த நம்பர் 418.

8.15. போகவில்லை.

வரிசையைப் பார்த்தேன். முன்னால் 417 நின்றது. நான் 416 வரைதான் எழுதியிருந்தேன். 417-இல் ஒரு எழுத்துகூட இல்லை. அறையில் பூட்டு. கரண்ட் செய்த வேலை என்று திட்டிக்கொண்டே பூட்டை அழித்தேன்.

9.15. போகவில்லை.

பூட்டு திரும்ப வந்திருந்தது. திறந்து பார்த்தேன். எழுதுவது இரண்டாம் நம்பர் மிஷின் என்றது. இரண்டாம் நம்பர் மிஷின் மாடி அறையில் இருந்தது. ஜூனில் இடி விழுந்து கருகி, கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். வயர் மட்டும்தான் மிச்சம்.

417-ஐத் திறக்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. அளவு மட்டும் தெரிந்தது. பதினேழு எழுத்து.

9.19. பதினெட்டு.

9.22. பத்தொன்பது.

மேலே சத்தம் கேட்டது. டக்... அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டரை நிமிஷம் கழித்து மறுபடி... டக்.

"மேல ஆருங்க சார்?" என்றார் மாதையன்.

"யாருமில்லண்ணே."

9.35-க்கு டார்ச்சோடு ஏறினேன். கதவில் பூட்டு தொங்கியது, சாவி என் பையில். திறந்தேன். காலி மேஜை. அறுந்த வயர். ஒரு நாற்காலி. அதன் மேல் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. 9.44-க்குத் திரையைப் பார்த்தேன். இருபத்தேழு.

பூட்டை அழித்தேன். டக்... வந்துவிட்டது. மறுபடி அழித்தேன். டக்... வந்துவிட்டது.

10.05.

"போய்டுமாங்க சார்?"

"சும்மா இருங்கண்ணே!" கத்திவிட்டேன். அந்த மனிதர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். பாவமாக இருந்தது.

அப்போதுதான் கணக்குப் புரிந்தது. ஒவ்வொரு டக்குக்கும் பூட்டு வருகிறது. இரண்டு டக்குக்கு நடுவில் இரண்டரை நிமிஷம். 10.15-க்குச் சற்று முன்னால் அழித்துவிட்டால்... அடுத்தது விழுவதற்குள் இரண்டு கடிதமும் போய்விடும்.

10.13. டக்...

முப்பத்தொன்பது எழுத்து.

காத்திருந்தேன்.

10.14.

அழித்தேன்.

மேலே நாற்காலி இழுபடும் சத்தம்.

படியில்... ஒரு கால்.

இன்னொரு கால்.

10.15.

417 போனது. 418 போனது.

படிச் சத்தம் பாதியில் நின்றது. பெருமூச்சு மாதிரி ஒன்று. அவ்வளவுதான். நகல் அறைக்கு வந்த 417-ஐத் திறந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. அதையும் அழித்தேன்.

செல்லியம்மாள் பிழைத்துவிட்டாள். மாதையன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

பத்து நாள் கழித்து பெங்களூர் போனேன். லட்சுமணன் ஒரு தாளை எடுத்துப் போட்டான்.

"இன்னாப்பா, அன்னிக்கி ரெண்டு லெட்டரு? ஒண்ணு அரையும் குறையுமா இருந்துச்சே."

417. ஆங்கிலத்தில் ஒரே வரி. ஆறாம் வார்டு, கட்டில் 23, பெனிசிலின் கூடாது, அவள் பெயர்... அதோடு நின்றிருந்தது.

"செல்லி ரெண்டாவது வார்டுலதான இருந்தா?"

"ஆமா, போன்லயும் அப்டித்தான் சொன்னாங்க. இதுல பேரும் இல்ல, நீ வார்டை மாத்தி அடிச்சிட்டேன்னு நெனச்சி அதை வுட்டுட்டேன்."

மனசு கேட்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆறாம் வார்டு நர்சிடம் விசாரித்தேன். அந்த வியாழக்கிழமை கட்டில் 23-இல் ஒரு பெண் இருந்தாளாம். ரோட்டில் மயங்கிக் கிடந்தவளை யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். கடைசிவரை கண் திறக்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பெனிசிலின் போட்டார்கள். 11.10-க்கு மூச்சு நின்றது.

பெயர் என்ன என்று கேட்டேன்.

நர்ஸ் பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.