கியோட்டோவில் பூசிய திருநீறு

கியோட்டோவில் அந்தப் பழைய கோயிலின் தோட்டத்துக்குள் கால் வைத்ததும் அக்கா தேடியது விளக்குமாற்றை. பச்சைப் பாசி மூடிய நிலம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் கொட்டிக் கிடந்தன. இலையுதிர் காலத்தில் இதைப் பார்க்கவென்றே சனம் எங்கெங்கிருந்தோ வந்து வரிசையில் நின்றது. சேலைக்கு மேலே போட்டிருந்த தடித்த குளிர்ச்சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, "இவ்வளவு சனம் வாற கோயில், உந்தக் குப்பையை ஏன் பிள்ளை கூட்டாமல் விட்டிருக்கினம்?" என்று அக்கா என் காதுக்குள் கேட்டார். வடிவுக்காக வேண்டுமென்றே விட்டிருக்கிறார்களாம் என்றேன். "நல்ல வடிவு. எங்கட வீட்டு முத்தத்தை இப்பிடி விட்டால் சோம்பேறி எண்டுவினம்" என்றார். எங்கள் பயணத்தில் அவர் சிரித்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. வன்னியில், உடையார்கட்டில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் செய்து விற்கும் எங்கள் பெண்கள் சங்கத்தின் தலைவி. நான் செயலாளர். ஜப்பானியக் கிராமங்களில் பெண்கள் இப்படியான பொருட்களை எப்படிப் பொதி செய்து விற்கிறார்கள் என்று காட்ட, ஒரு உதவித் திட்டத்தில் எங்களில் சிலரைக் கூட்டிப் போனார்கள். கடைசி நாளைக் கோயிலும் தோட்டமும் சுற்றிப் பார்க்க ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்குப் பொறுப்பாக வந்த திட்டப் பணிப்பாளரும் வன்னித் தமிழர்தான். விமானம் ஏறுமுன்னே எங்களை வரிசையாக இருத்தி, "அங்க போய்ச் சண்டைக் கதை, செத்த கதை ஒண்டும் கதைக்கக் கூடாது. மிளகாய்த்தூளைப் பற்றி மட்டும் கதையுங்கோ" என்று புத்தி சொன்னார். அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

அக்காவுக்கு இருந்தது ஒரே மகன், நாலு வயது. தகப்பன் முன்னமே காய்ச்சலில் போய்விட்டார். கடைசிச் சண்டையில் சனமெல்லாம் கடற்கரையோரம் நெரிபட்டுக் கிடந்தபோது, பதுங்குகுழி வாசலில் நின்ற பிள்ளையின் மேல் ஷெல் விழுந்தது. அந்தக் குழிக்குள்ளேயே அவனைக் கிடத்தி, மண்ணை மூடிவிட்டு, அக்கா மற்றவர்களோடு நடந்தார். மீள்குடியேறிய பிறகு இடத்தைத் தேடிப் போனால், அங்கே முள்ளுக்கம்பியும் ஆமிக் காவலும். கம்பிக்கு வெளியே நின்று கற்பூரம் கொளுத்தவும் விடவில்லை. "எனக்கு வேற ஒண்டும் வேண்டாம் பிள்ளை. அவனுக்கெண்டு ஒரு இடம் இருந்தால் காணும்" என்று மிளகாய் வறுக்கும்போதெல்லாம் சொல்வார். கண் எரிவு மிளகாயால் என்று நாங்களும் விட்டுவிடுவோம்.

அந்தக் கோயிலின் பின்பக்கம், மரங்களுக்குக் கீழே, வரிசை வரிசையாகச் சின்னக் கற்சிலைகள் நின்றன. மொட்டைத் தலை, குழந்தை முகம். சோறு தீத்தும்போது பிள்ளைக்குக் கட்டிவிடுவதுபோல ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சிவப்புத் துணி. சிலவற்றின் முன்னால் காற்றாடியும் இனிப்பும் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே படிக்கப் போன பிள்ளை ஒருத்திதான் எங்களுக்கு மொழிபெயர்த்தாள். அவள் எந்த யோசனையும் இல்லாமல், "சின்னதில செத்துப்போன பிள்ளையளுக்காகத் தாய் தகப்பன் வைக்கிறது அன்ரி" என்று சொல்லிவிட்டாள்.

அக்கா கைப்பையைத் திறந்து, ஊர் அம்மன் கோயிலில் மடித்துக் கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். பாசி பிடித்த ஒரு சிலையின் முன் குந்தியிருந்து, குளிப்பாட்டிய பிள்ளைக்குப் பூசுவதுபோல மூன்று விரலால் அதன் நெற்றி நிறையப் பூசினார். இந்தச் சாமிக்குத் திருநீறு ஆகுமா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். பணிப்பாளர் ஓடிவந்தார். "தங்கச்சி, உங்களுக்கென்ன விசரே? இது வேற சமயக் கோயில்!" என்று, கைலேஞ்சியை எடுத்து அந்த நெற்றியைத் தேய்த்துத் துடைத்தார். துடைத்தபடியே, அங்கே வந்துகொண்டிருந்த வயதான குருவுக்குக் குனிந்து குனிந்து மன்னிப்பும் கேட்டார். நாங்கள் செய்யாத பிழைக்கும் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க எங்களை யார் பழக்கினார்கள்?

குரு மொழிபெயர்த்த பிள்ளையிடம் என்னவென்று விசாரித்தார். பிறகு பணிப்பாளரைப் பார்த்து ஏதோ சொன்னார். "தாய் பூசினதை நீங்கள் ஏன் துடைச்சனீங்கள் எண்டு கேக்கிறார்" என்றாள் பெண். அக்கா எழும்பினார். "பிள்ளையின்ர உடம்பு இஞ்சதான் இருக்கவேணுமோ எண்டு சாமியைக் கேள் மோனை." இல்லையாம், உடம்பு எங்கே கிடந்தாலும் பிழையில்லையாம், நினைக்க ஒரு கல் இருந்தால் போதுமாம். அக்கா திரும்பக் குந்தியிருந்து மறுபடி பூசினார். ரயிலும் ரோட்டும் அந்த நாட்டின்மேல் எனக்குப் பொறாமை தரவில்லை. அந்தக் கற்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மற்றவர்கள் மரங்களுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்த கையோடு அக்கா குளக்கட்டடியிலிருந்து உருண்டையான ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்தார். வேலியோரச் செவ்வரத்தைச் செடிக்குக் கீழே அதை நட்டு, சிவப்புச் சேலைத்துண்டு கட்டி, திருநீறு பூசினார். மாதம் ஒன்று போகவில்லை, மோட்டார் சைக்கிளில் சிவில் உடுப்போடு புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நானும் அங்கே இருந்தேன்.

"இது ஆருக்கு வச்ச கல்லு? இயக்கத்தில எந்த அணியில இருந்தவர்?"

"பால்மா அணியில இருந்தவர் ஐயா. வயசு நாலு" என்றார் அக்கா.

வந்தவர்கள் சிரிக்கவில்லை. நினைவுக்கல் வைக்க ஏலாது, எடுத்துவிடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரவு பணிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். கதை அவருக்கும் போயிருந்தது. "தங்கச்சி, சங்கத்துக்கும் சேர்த்துக் கரைச்சல் வரும். அதைக் கிணத்தடியில போட்டிட்டு, உடுப்புத் தோய்க்கிற கல்லெண்டு சொல்லுங்கோ. ஒருத்தரும் கேக்க மாட்டினம்." அக்கா அவருக்கு ஓம் என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு, "பிள்ளைக்கு மேல உடுப்புத் தோய்க்கவோ?" என்று என்னைக் கேட்டார். விடிய இரண்டு பேருமாகக் கல்லைக் கிளப்பிக் கிணற்றடியில் வைத்தோம். நாலு வயதில் செத்த பிள்ளைக்கும் இங்கே ஒரு பொய் தேவைப்படுகிறது.

போன மாதம் அதே ஆட்கள் திரும்ப வந்தார்கள். மழை பெய்து பாதை முழுக்கச் சேறு. கல் எங்கே என்றதற்கு அக்கா கிணற்றடியைக் காட்டி, "தோய்க்கிறம் ஐயா" என்றார். ஒருவர் அங்கே போய்ப் பார்த்தார். பார்த்தவர், சேற்றுக் காலைத் தூக்கி அந்தக் கல்லின் மேல் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி ஊத்துங்கோ அம்மா" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அக்கா வாளியால் அள்ளி ஊற்றினார். மற்றக் காலுக்கும் ஊற்றினார்.

அவர்கள் போனதும் அக்கா சவுக்காரக் கட்டியை எடுத்து வந்து கல்லைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். சுற்றிவர எல்லாம் தேய்த்தார். மேற்பக்கத்தை மட்டும் வெறுந்தண்ணீர் தொட்டு, கையால் தடவித் தடவிக் கழுவினார். சேறு அங்கேதான் கூடக் கிடந்தது. "அதிலயும் சவுக்காரத்தைப் போடுங்கோவன் அக்கா" என்றேன்.

"கண்ணுக்குள்ள போயிடும் பிள்ளை" என்றார்.