நாலு விரல் தடிப்பு

கண்ணாடிக்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் இருபத்தெட்டு வருடமாக லென்ஸ் தேய்க்கிறவர். கால் பவர் வித்தியாசம் என்றால்கூட மெஷினுக்கு முன்னால் அவர் கண் சொல்லிவிடும். அந்தக் கண் கடையில் அவருக்குச் சோறு போட்டது, வெளியே பல இடங்களில் அவரை மாட்டிவிட்டது. மச்சினன் ஆசையாகக் கட்டிய புது வீட்டில் காலை வைத்ததும் வாசற்படி ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்றார். அன்றோடு மச்சினன் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டான். படி சாய்ந்துதான் இருந்தது. அதை அன்றைக்கே சொல்லியாக வேண்டுமா என்பதுதான் அவருடைய மனைவியின் கேள்வி.

வில் செய்யும் கிறுக்கு அவருக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு பிடித்தது. ஒரே மரக்கட்டையில், கைக் கருவிகளால் மட்டுமே செய்கிற பழைய மாதிரி வில். அதே கிறுக்குப் பிடித்தவர்கள் பதினான்கு பேர் ஒரு குழுவாக இருந்தார்கள். பல் டாக்டர் ஒருவர், குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர், பஸ் ஓட்டுகிற அம்மா ஒருவர் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத கூட்டம். வருடம் ஒருமுறை கூடுவார்கள். ஆளுக்கொரு சீட்டில் தன் உயரம், எந்தக் கை வாகு, நாணை இழுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்று எழுதி ஒரு தகர டப்பாவில் போடுவார்கள். யாருடைய சீட்டு வருகிறதோ அவருக்கு அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வில் செய்து கொண்டுவர வேண்டும். அதற்கும் அடுத்த வருடம், வாங்கியவர் அந்த வில்லைத் திரும்ப எடுத்துவருவார். செய்தவர் அதில் முதல் மூன்று அம்புகளை விட்டுப் பார்ப்பார். பெற்ற பிள்ளையைப் புகுந்த வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

போன வருடம் கண்ணாடிக்காரருக்குப் பஸ் ஓட்டுகிற அம்மா செய்த வில் கிடைத்தது. முசுக்கொட்டை மரம், நாற்பது பவுண்டு, அவர் கேட்டது கேட்டபடி. கூடவே ஒரு துண்டுக் காகிதம். "இது நான் செய்த ஐந்தாவது வில். முதல் நாலும் உடைந்துவிட்டன. இதுதான் உடையாமல் நின்றது. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

அவரும் நன்றாகத்தான் பார்த்தார். பார்த்ததுதான் வினை. நாணேற்றி வளைத்தால் வில் முழுக்க அழகாக வளைந்தது. கீழ்ப் பாதியின் நடுவில் மட்டும் நாலு விரல் நீளத்துக்கு வளையாமல் விறைத்துக்கொண்டு நின்றது. அங்கே கட்டை கொஞ்சம் தடிப்பு. இரண்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக இருந்தார். அவருடைய சரித்திரத்தில் அது பெரிய சாதனை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கை அரித்தது. எஃகுத் தகட்டை எடுத்து, வில்லின் வயிற்றுப் பக்கம், அதாவது எய்கிறவரைப் பார்த்திருக்கும் பக்கம், இரண்டே இரண்டு சீவு சீவினார். கீழ்ப் பாதி கொஞ்சம் இளகியது. அதற்கு ஈடாக மேல் பாதியைச் சீவினார். அது கூடிப்போனது. மறுபடி கீழே. பொழுது சாய்வதற்குள் வளைவு கோயில் மணி மாதிரி கச்சிதமாக வந்துவிட்டது, தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தால் முப்பத்தொரு பவுண்டு. நாற்பது பவுண்டு வில்லில் ஒன்பது பவுண்டு தூளாகித் தரையில் கிடந்தது.

இப்போது கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்த அம்மா கையில் எடுத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். குழுவில் இதுவரை ஒருவரும் அடுத்தவர் தந்த வில்லில் கைவைத்ததில்லை. கூடாது என்று விதிகூடப் போடவில்லை, அப்படி ஒருவர் செய்வார் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அந்தப் பதினான்கு பேரை விட்டால் கண்ணாடிக்காரருக்குச் சிநேகிதர்கள் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது?

"போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் சான்றிதழ் எழுதித் தருகிற வேலை அவளுக்கு. எதையும் ஒரே வரியில் முடித்துப் பழக்கம்.

"என்னன்னு சொல்றது? நீங்க குடுத்தத சரி பண்றேன்னு கெடுத்துட்டேன்னா?"

"அதேதான். நல்லாத்தானே சொல்ல வருது உங்களுக்கு."

அவர் சொல்லவில்லை. பதிலாக, அச்சு அசல் அதே மாதிரி இன்னொரு வில் செய்து அந்த அம்மாவின் கண்ணில் மண்ணைத் தூவுவது என்று முடிவு செய்தார். அது முடியாத காரியமும் இல்லை. சீவுவதற்கு முன்னால் அந்த வில்லை இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை அளந்து, அகலம் இவ்வளவு, தடிப்பு இவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். தப்புப் பண்ணுவதற்கு முன்பே சாட்சியம் தயாரித்துவைக்கிற ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முசுக்கொட்டைக் கட்டை ஒன்று மூன்று வருடமாகக் கட்டிலுக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தது. கணு ஒன்றுகூட இல்லாத, வழவழவென்ற கட்டை. அவர் எப்போதும் அப்படித்தான் பார்த்து வாங்குவார், அதனாலேயே இந்தப் பதினோரு வருடத்தில் அவர் கையில் ஒரு வில்லும் உடைந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

துணி துவைக்கும் மெஷின் நிற்கிற பின்னறைதான் பட்டறை. கடை விட்டு வந்ததும் ஒரு டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பட்டையை உரித்து, முதுகுப் பக்கம், அதாவது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம், மரத்தின் ஒரே ஒரு வருட வளையம் முழுசாகத் தெரியும்வரை மெல்ல மெல்லச் சுரண்டினார். வளையம் எங்கே அறுந்தாலும் வில் அங்கேதான் உடையும். பிறகு வயிற்றுப் பக்கத்தை நோட்டுக் கணக்குப்படி இறக்கினார். சுவரில் வில்லைப் படுக்கவைக்க ஒரு தாங்கி, கீழே ஒரு கப்பி, அதன் வழியாக ஒரு கயிறு. மனைவி கயிற்றை இழுக்க, இவர் எதிர்ச் சுவரில் சாய்ந்து வளைவைப் பார்ப்பார்.

"இழு. இன்னும் கொஞ்சம். நிறுத்து."

"நாலு விரல் இடத்துல வளையவே இல்லையே," என்றாள் அவள்.

"வளையக் கூடாது. அந்தம்மா அப்படித்தான் விட்டிருக்காங்க."

"எதுக்கு விட்டாங்க?"

"தெரியாமதான். புதுசு இல்லையா."

நாலாவது வாரம் வில் முடிந்தது. நாற்பது பவுண்டு, நாற்பதரைகூட இல்லை. கைப்பிடிக்குத் தோல், நுனியில் நாண் மாட்டும் வெட்டு, எண்ணெய்ப் பூச்சின் நிறம், எல்லாம் அதே. பாக்கி ஒன்றுதான். அந்த அம்மாவின் வில்லில், விறைத்து நின்ற அந்த இடத்துக்கு நேராக முதுகில், மிளகு அளவுக்கு ஒரு கணு இருந்தது. புது வில்லில் கணு கிடையாது. ஒரு ஆணியைக் காய்ச்சிச் சுட்டால் கணு மாதிரியே கறுத்துவிடும் என்று கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பில் ஆணியை வைத்தார். கறுப்பின் அளவைச் சரியாகப் பார்க்க வேண்டுமே என்று கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அசல் வில்லின் கணுவைப் பார்த்தார்.

கணுவிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது. போன வருடம் அது இல்லை. நோட்டில் 'முதுகில் விரிசல் இல்லை' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது.

கண்ணாடிக்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தெரியாமல் விட்ட தடிப்பு இல்லை அது. கணு இருக்கிற இடம் பலவீனமான இடம், அங்கே வளைந்தால் நார் பிரியும். அதனால்தான் அந்த அம்மா அதற்குப் பின்னால் கட்டையைச் சீவாமல் விட்டு, அந்த இடம் வளையாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலு வில்லை உடைத்துக் கற்றுக்கொண்ட பாடம் அந்த நாலு விரல் தடிப்பில் இருந்தது. ஒன்றையும் உடைக்காத இவர் அதைக் குறை என்று எண்ணி வழித்துப் போட்டுவிட்டார். இத்தனை நாள் மாட்டிக்கொள்வோமே என்று பயம்தான் இருந்தது. இப்போதுதான் முதல்முறையாக வெட்கமாக இருந்தது. காது மடல் சுட்டது.

அடுப்பில் ஆணி சிவந்துகொண்டிருந்ததைப் பார்த்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இது எதுக்குங்க?"

"கணு வைக்க."

"அதுவும் பொய்யாவா?"

அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

கூட்டம் ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், காலை வேளையில். வைக்கோல் திண்டுகளில் காகித வட்டங்கள் ஒட்டியிருந்தன. இந்த வருடம் செய்து தர வேண்டிய வில்லைக் கொடுத்த பிறகும் கண்ணாடிக்காரர் கையில் இரண்டு வில் இருந்ததைப் பார்த்துக் குழாய்க்காரர், "என்ன சார், ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாமா?" என்றார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கப்படி பஸ் ஓட்டுகிற அம்மா தான் செய்த வில்லை வாங்கிக்கொண்டு நாணேற்றப் போனார். கட்டைகுட்டையான ஆள், தோள் மட்டும் அகலம். போன வருடத்து வில்லைப் பார்த்த சந்தோஷம் முகம் முழுக்க இருந்தது. அதைப் பார்க்க இவருக்கு என்னவோ போலிருந்தது.

"அத வளைக்காதீங்கம்மா. உடைஞ்சுடும்."

எல்லோரும் திரும்பினார்கள். அவர் சொல்லிவிட்டார். சீவியது, ஒன்பது பவுண்டு போனது, விரிசல், ஏமாற்றுவதற்காக இன்னொன்று செய்தது, ஆணி காய்ச்சியதுவரைக்கும். சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த அம்மா வில்லைத் திருப்பி, கட்டை விரலால் வயிற்றுப் பக்கத்தைத் தடவிக்கொண்டே போனார். கீழ்ப் பாதியின் நடுவில் விரல் நின்றது. "தெரியாம விட்டுட்டேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல சார்?"

"கேட்டிருக்கலாம்."

"நாலும் கணுவுலதான் உடைஞ்சது எனக்கு. ராவும் பகலும் வண்டி ஓட்டிட்டு வந்து, தூங்காம உக்காந்து செஞ்சேன்." வில்லைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் கோடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுவிட்டார். குழாய்க்காரர் தரையில் கிடந்த அம்புகளைப் பொறுக்கி அடுக்கினார். கண்ணாடிக்காரருக்கு அங்கேயே புதைந்துபோனால் தேவலை போலிருந்தது. ஆனாலும் போகாமல் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. "எங்க, அந்த இன்னொண்ணக் காட்டுங்க."

நாணேற்றி, மூன்று அம்பு விட்டார். மூன்றும் வட்டத்துக்குள் போய்ச் செருகின. வில்லை இறக்கி முதுகைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுபடி முதுகைப் பார்த்தார்.

"இதுல கணுவே இல்லையே. அப்புறம் எதுக்கு இங்க தடிப்பு?"

"நீங்க விட்டிருந்தீங்க. அதான்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார், கூடவே கண்ணையும் துடைத்துக்கொண்டார். "இதச் சீவலாம் சார். இங்க பயப்பட ஒண்ணும் இல்ல. தகடு கொண்டாந்திருக்கீங்களா?"

தகடு இல்லாமல் அவர் எங்கே போனார்? பையிலிருந்து எடுத்து, வில்லை மடியில் வைத்துக்கொண்டு, கை வைக்கப் போனவர் நிமிர்ந்தார்.

"எவ்வளவும்மா?"

இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"பத்து சீவு. நான் எண்ணுறேன்."

அந்த அம்மா எண்ணினார். எட்டாவதில், "போதும்," என்றார். இன்னும் இரண்டு பாக்கி என்று அவருக்குத் தெரியும். விரல் துடித்தது. தகட்டைத் தரையில் வைத்துவிட்டு வில்லை நீட்டினார். அந்த அம்மா இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

பல் டாக்டர் தகர டப்பாவோடு வந்தார். சீட்டுகள் எல்லாம் உள்ளே போயிருந்தன. கண்ணாடிக்காரருடைய சீட்டு மட்டும் டாக்டரின் விரலிடுக்கில் இருந்தது. உள்ளே போடுவதா வேண்டாமா என்று தெரியாமல், அவரும் மற்றவர்களும் பஸ் ஓட்டுகிற அம்மாவையே பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மா அடுத்த அம்பை நாணில் வைத்துக்கொண்டு, திண்டைக் குறிபார்த்தபடியே சொன்னார்:

"போடுங்க டாக்டர். இவருக்கு வில்லு செய்யறவங்க யாரா இருந்தாலும், கூடவே போன் நம்பரையும் எழுதிக் குடுத்துடணும். சார் கூப்பிட்டுக் கேப்பாரு."