வலிப்பு இல்லை என்று சொல்லப் போன நாள்

எனக்கு வாய் துடுக்கு, கையும் வேகம். சேலத்தில் பல் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த எண்பதுகளில், வியாழக்கிழமைதோறும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏற்காடு போவேன். அங்கே ஒண்டிக்கடை என்கிற இடத்தில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே எனக்கு ஒரே ஓர் அறை. நான் படியேறும்போதே வாசல் பெஞ்சில் நாலைந்து பேர் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எஸ்டேட் ஆட்கள் ஒரு பல்லுக்காக வரவே மாட்டார்கள். மூன்று நான்கு பல் சொத்தையாகும்வரை கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார்கள். பிறகு ஒரு நாள் வந்து, வந்த கையோடு எல்லாவற்றையும் பிடுங்கிவிடச் சொல்வார்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், ஆள் கணக்குப் பார்க்கும் ரைட்டர் இன்னொரு நாள் லீவு தரமாட்டார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் நாலையும் பிடுங்கி அனுப்பினேன். டாக்டரம்மா கை ராசியான கை என்று மலை முழுக்கப் பேச்சு. அதைக் கேட்க எனக்கு இனித்தது, மறைப்பானேன்.

ஒரு மார்கழியில் வாழவந்திப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும், காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற உடம்பு. கூட வந்தது அவளுடைய அத்தை. அந்த அத்தையின் மகனுக்கே அவளைப் பேசி முடித்திருந்தார்கள், தை மாதம் கல்யாணம். மருமகளாக வருகிறவள் தாலி கட்டின மறுநாளே பல்வலி என்று படுத்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும் என்று அத்தைதான் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். கீழே இரண்டு பக்கமும், மேலே இரண்டு பக்கமும், ஆக நாலு பல்.

அந்த வாரம் நான் வழக்கமாக வாங்கும் மரப்பு மருந்து கடையில் இல்லை. அட்ரினலின் கலக்காத மருந்துதான் கிடைத்தது. அட்ரினலின் சேர்ந்திருந்தால் மருந்து போட்ட இடத்திலேயே நின்று வேலை செய்யும். சேராதது சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும், அதனால் குறைவாகத்தான் போடவேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

ஊசி போட்டுவிட்டு, மரத்துவிட்டதா என்று கேட்டேன். இல்லீங்க என்றாள். இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டுக் கேட்டேன். அதற்கும் இல்லீங்க. பயத்தில் சொல்கிறாள், கொஞ்சம் பொறுத்தால் தானாக மரக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது, எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மறுபடி மறுபடி போட்டேன். ஒரு பக்கத்து இரண்டு பல்லையும் எடுத்துவிட்டு, அடுத்த பக்கத்துக்கும் போட்டேன்.

அதுவரை ஆமாங்க, இல்லீங்க தவிர ஒன்றும் பேசாத பெண் திடீரென்று பேச ஆரம்பித்தாள். ஆடு குட்டி போட்டிருக்கிறதாம், கல்யாணப் புடவை ஊதா நிறமாம். நாக்குக் குழற, சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பயம் தெளிந்துவிட்டது என்று நானும் சிரித்தேன். பிறகு, “காது கொய்யுங்குதுங்க” என்றாள்.

மலை ஏறினால் அப்படித்தான் இருக்கும், எச்சிலை முழுங்கு, சரியாகிவிடும் என்று சொன்னேன். ஏனென்றால் காலையில் பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறி வந்ததில் என் காதும் அடைத்துத்தான் கிடந்தது. ஆனால் மலை ஏறி வந்தவள் நான். அவள் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், அன்றைக்கு அவள் எந்த மலையையும் ஏறவில்லை. மருந்து தலைக்கேறுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? மடச்சி நான், பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவள் உதடு துடித்தது, அப்புறம் கன்னம். அடுத்த நொடி உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. அத்தை ஓடிவந்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்து அழுத்தினார். நான் அவரைத் தள்ளிவிட்டு, வாயிலிருந்த பஞ்சையெல்லாம் விரலால் வழித்து எடுத்தேன். நாற்காலியைப் படுக்கவைத்து, ரத்தம் தொண்டைக்குள் போகாமல் அவளை ஒருக்களித்துத் திருப்பினேன். அலமாரியில் இழுப்பை நிறுத்தும் டயஸிபாம் ஊசிமருந்து ஒன்றே ஒன்று இருந்தது. நரம்பில் மெதுவாக ஏற்றினேன்.

இழுப்பு நின்றது, கூடவே மூச்சும் தேய்ந்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கவேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவள் நான். உதடு நீலம் பாரித்தது. மல்லாத்திப் படுக்கவைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்து, என் வாயால் ஊதினேன். எத்தனை நேரம் என்று தெரியாது. அவள் ரத்தத்தின் ருசி என் நாக்கில் இருந்தது. கல்யாணப் பெண்ணைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு அவளாகவே ஒரு மூச்சு இழுத்தாள், இன்னொன்றும் இழுத்தாள். ஒரு மணி நேரத்தில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

குப்பியைப் பார்த்தேன். பதினாலு மில்லி போயிருந்தது. அந்த உடம்புக்கு அதில் பாதிதான் தாங்கும்.

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஏனுங்க டாக்டரம்மா, இவளுக்கு வலிப்பு நோவுங்களா?”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். என்னுடைய பேர், என்னுடைய கை ராசி, போலீஸ், எல்லாம் ஒரே சமயத்தில் மனதில் ஓடியது. “இருக்கலாங்க. எதுக்கும் சேலத்துல ஒரு தடவை காட்டிருங்க” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். துடுக்கு வாய்க்காரி என்று பெயரெடுத்தவள், பேசவேண்டிய ஒரே இடத்தில் பயந்தாங்கொள்ளியாகிவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை அவளுடைய அப்பா வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வலிப்புக்கு ஒரு மாத்திரை எழுதித் தரச்சொன்னார். அந்த அத்தை அவருக்கு அக்கா, சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டதாம். தங்கள் வழியில் யாருக்கும் இந்த நோவு இல்லை, பெண்ணுடைய அம்மா வழியில்தான் வந்திருக்கவேண்டும் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டதாம். இனிமேல் அவளை யார் கேட்டு வருவார்கள் என்றார்.

நான் அறையைப் பூட்டினேன். அவரோடு பஸ் ஏறினேன். உங்கள் மகளுக்கு ஒரு நோயும் இல்லை, தப்பு என்னுடையது என்று வழியிலேயே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான லயனில், அத்தை தன் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்காரவைத்து, காப்பி கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து மாறியது, அதிகமாகப் போட்டது, காதைப் பற்றி அவள் சொன்னதைத் தட்டிவிட்டது, பயந்து பொய் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவர் முழுக்கக் கேட்டார்.

“நீங்க நொம்ப நல்லவீங்க” என்றார். “ஒரு புள்ள வாழணும்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. இந்தக் காலத்துல யாருங்க அப்படிச் செய்யறாங்க?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவளாவது மண்ணாவது, கொல்லப் பார்த்தவள் என்று கத்தினேன். வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்து அமர்த்தினார். ஆறுதல் சொல்லும் குரலில், “அன்னைக்கு நாங் கேட்டொடனே உங்க வாயில வந்துதுங்களே, அதுதானுங்க நெசம். இது ஒரு வாரம் யோசிச்சுச் சொல்றதுங்க” என்றார். அதற்கு மேல் நான் என்ன கத்தினாலும் என் நல்ல மனசுக்கு இன்னொரு சாட்சியாகத்தான் ஆயிற்று.

திரும்பும்போது அவள் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அவளிடமும் சொன்னேன்: உனக்கு வலிப்பு கிடையாது, எல்லாம் என் ஊசியால் வந்தது, என்னை மன்னித்துக்கொள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

“நெசமாத்தான் சொல்றீங்களா, இல்ல என்ற மனசு நோவக்கூடாதுன்னு சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

நிஜம் என்றேன். “சரிங்க” என்று மரியாதையாகச் சொன்னாள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எழுந்திருக்கப் போனவள், மறுபடி உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள். குடம் கிணற்றடியில் இருக்கிறது, இழுப்பு வந்தால் உள்ளே விழுந்துவிடுவேனாம், நான் அந்தப் பக்கம் போகக்கூடாதுங்க என்றாள்.