ஈதர் இல்லை, பஸ் இருக்கிறது

நடமாடும் அறிவியல் வண்டியில் என் வேலை, ஒன்றும் நடக்காததை ஊர் ஊராகக் காட்டுவது. ஒளி பயணம் செய்ய ஈதர் என்ற ஏதோ ஒன்று வெளியெங்கும் நிறைந்திருப்பதாக ஒரு காலத்தில் நம்பினார்கள். அப்படியானால் அதற்குள் பூமி ஓடுவது ஒளியின் வேகத்தில் ஒரு வித்தியாசமாகத் தெரிய வேண்டும். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக அனுப்பி, மறுபடி சேர்த்தால் திரையில் கோடுகள் விழும். கருவியைத் திருப்பினால் கோடுகள் நகர வேண்டும். நகராது. சார்பியலுக்கு அது பெரிய சாட்சி. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலையில் இருப்பவர்களே, கோடு நகராவிட்டாலும் என் நெஞ்சு அடித்துக்கொள்வது உங்களுக்குப் புரியும்.

மேலூர்க் கல்

மர மேசையில் கருவி ஆடியது. கனமான கிரானைட் பலகை கேட்டு மேலூரில் ஒரு பட்டறைக்குப் போனேன். எதற்கென்று விளக்கியதும் முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்லு தாரேன் தம்பி. ஆனா ஒண்ணும் அசையலைன்னு காட்டவா இம்புட்டுப் படிச்ச?"

உசிலம்பட்டியில் கைதட்டல்

பள்ளிக்கூடத்தில் கல்லோடு கருவியைத் திருப்பினேன். கோடுகள் துள்ளின, பிள்ளைகள் கைதட்டினார்கள். வாசலில் டவுன் பஸ் போயிருந்தது. அது பஸ்ஸின் அதிர்வு என்று சொல்லி, சத்தம் அடங்கியதும் மறுபடி திருப்பினேன். அசைவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"பஸ்ஸு போறதே தெரியுது. இம்புட்டுப் பெரிய பூமி போறது ஏன் சார் தெரியல?"

ஆய்வு நாள்

ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி மதுரைக்கு வந்தார். "என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிரு மாப்ள" என்றார் டிரைவர் செல்வம் அண்ணன். வண்டியில் பெரிதாக ஒரு பலகை: 'ஈதர் இல்லை – நேரடி நிரூபணம்'. அதிகாரி அதைப் படித்துவிட்டு, "இந்தக் கருவியே நிரூபிச்சிருதா?" என்றார்.

செல்வம் அண்ணன் பக்கம் திரும்பாமல் சொன்னேன். "இல்ல மேடம். இதுல ஒளி போற பாதை ஒரு முழந்தான். ஈதர் இருந்திருந்தாலும் இதுல வர்ற நகர்வு கண்ணுக்குத் தெரியாது. அன்னிக்கு இந்தச் சோதனையை முதல்ல செஞ்ச விஞ்ஞானிங்க நிறையக் கண்ணாடி வச்சு, ஒளியைத் திருப்பித் திருப்பி அனுப்பி, பாதையை நீட்டினாங்க. நிரூபணம் அவங்களோடது. இது செய்முறையை மட்டும் காட்டும்."

செல்வம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி குனிந்து கோடுகளை நெடுநேரம் பார்த்தார்.

"முதல்ல அந்தப் பலகையைக் கழட்டுங்க. கழட்டிட்டு, அடுத்த வருஷமும் நீங்களே வந்து இதைச் சொல்லுங்க."

பலகை போனபின் கூட்டம் குறைந்துவிட்டது, ஆனால் வருகிறவர்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் எங்கள் மதியச் சாப்பாடு ஆறிவிடுகிறது.